செய்முறைத் தேர்வு

"இது சும்மா மாதிரி சர்வர்தாம்மா. பாஸ்வேர்டு சரின்னு சொல்லுது, ஆனா நெட் வரல. சரி பண்ணிட்டா வேலை உங்களுக்குத்தான்" என்றார் மேலாளர். அவர் பக்கத்தில் ஒருவர் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார்.

அவளுக்கு இது ஒன்பதாவது நேர்முகத் தேர்வு. திரையை ஒரு நிமிடம் பார்த்தாள்.

"உள்ள வர்ற ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் இது ஒரு ஐபி முகவரி கொடுக்கணும் சார். கையிருப்பு ஐம்பதுதான் வெச்சிருக்காங்க. அடுத்த ஆள் வந்தா கைய விரிக்குது."

"செஞ்சு காட்டுங்க."

அவள் ஐம்பதை இருநூறாக்கினாள்.

"மேடம், கொஞ்சம் மெதுவா. எந்த பட்டனை அமுக்குனீங்க?" என்றார் நோட்டுக்காரர்.

பக்கத்து அறையில் கைதட்டல் கேட்டது. அலுவலக உதவியாளர் கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

"சார், மூணு நாளா செத்துக் கிடந்த நெட் வந்துடுச்சு! உங்க மச்சானை வேலைக்கு வெச்சது வீண் போகல!"

நோட்டுக்காரர் பேனாவை மூடினார். மேலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சொல்லி அனுப்புறோம்மா."

"சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள அனுப்புங்க சார்" என்று அவள் எழுந்தாள். "தேர்வுக்காகச் செஞ்சதுதானே? இருநூறு அதுவரைக்கும்தான் நிக்கும், அப்புறம் தானா ஐம்பதுக்குத் திரும்புற மாதிரி வெச்சிருக்கேன்."