பாகற்காய்க்கு ஒரு வக்கீல்

"அந்தப் பாகற்காயை இன்னைக்கே தூக்கிடறேன் சார். நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்."

போனில் பேசியது, வண்டிப் பிரியர்களின் இணைய மன்றத்தை நடத்தும் பெண். அங்கே யாருக்கும் நிஜப் பெயர் கிடையாது. போனை எடுத்த இந்த மனிதருக்கு அங்கே ‘ஹாரன்’ என்று பெயர். கியர் பாக்ஸ் பற்றி இவர் என்ன எழுதினாலும், ஓடி வந்து வம்புக்கு இழுக்கும் ஆசாமி ‘பாகற்காய்’.

"ஐயையோ, வேண்டாம்மா!" என்று பதறினார் ஹாரன்.

"என்ன சார் நீங்க! கால் போன மனுஷனைப் பார்த்து, ‘வாத்து கூட உன்னைவிட ஸ்டைலா நடக்கும்’னு எழுதறான். மன்றமே கொதிச்சுப் போயிருக்கு."

"அதைப் படிச்ச கடுப்புலதான்மா செயற்கைக் காலை மாட்டிக்கிட்டு வாசல் வரைக்கும் நடந்தேன். அதுவரைக்கும் அது கட்டிலுக்கு அடியில தூசி படிஞ்சு கிடந்துச்சு."

ஹாரன் மேலே தொடர்ந்தார்.

"விபத்துக்கு அப்புறம் வீட்டுல யாரும் என்கிட்ட சண்டையே போடறதில்லம்மா. என் பொண்டாட்டி, குழம்புல உப்பு கம்மின்னு நான் சொன்னா முன்னெல்லாம் வீட்டையே ரெண்டாக்குவா. இப்போ எதுக்கெடுத்தாலும் ‘சரிங்க’ன்னு தலையாட்டறா. எனக்குத்தான் பயமா இருக்கு. இவன் ஒருத்தன்தான் என்னை மனுஷனா மதிச்சுத் திட்டறான்."

"உங்ககூட வேலை பார்த்தவங்க யாரும் வர்றதில்லையா சார்?"

ஹாரனுக்குச் சுருக்கென்றது.

"ஆயுசுல பாதியை ஒரே டிப்போவுல பஸ் ஓட்டியே கழிச்சேன். ஒரே ஒரு தடவை கூட்டமா வந்தாங்க. என் காலைப் பார்த்தாங்க. ஒருத்தனும் வாயைத் திறக்கல. பழத்தை வச்சுட்டுப் போனவங்கதான், இந்தப் பக்கம் தலைகாட்டல. அவங்களுக்கு, முகம் தெரியாத இந்தப் பய எவ்வளவோ மேல். அவனை நீக்கினா நானும் கிளம்பிடுவேன், சொல்லிட்டேன்."

"பாகற்காய்க்கு இப்படி ஒரு வக்கீலா!" என்று சிரித்துவிட்டாள் அவள். "சரி சார், விட்டுடறேன்."

போனை வைத்த கையோடு மன்றத்தில் எழுதினார் ஹாரன்.

‘டேய் பாகற்காய்! உன் சீட்டைக் கிழிக்க இருந்தாங்க. நான்தான் காப்பாத்தினேன். நீ யாரு, எந்த ஊரு, எதுவும் தெரியாது. ஆனா உன்னாலதான்டா நான் எழுந்து நின்னேன். நீ நல்லா இருக்கணும்.’

எழுதி முடிப்பதற்குள் அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. யாருக்காவது நன்றி சொல்லி எத்தனை நாளாயிற்று!

அந்த வரிகளை அவருடைய பழைய டிப்போவின் ஓய்வறையில் உரக்கப் படித்துக் காட்டிய டிரைவர், மூக்கை உறிஞ்சிக்கொண்டே, வேலைக்கு வந்து நின்ற கண்டக்டரிடம் போனை நீட்டினார்.

"நேர்ல போனா நமக்கெல்லாம் அழுகை வந்து தொலைக்குது. இந்தா, என் ஷிப்ட் முடிஞ்சுது, இனி நீதான் பாகற்காய்... அண்ணன் கண் கலங்கி உட்கார்ந்திருப்பாரு, சீக்கிரம் எதையாவது சொல்லி வம்புக்கு இழு."