பிரிக்காத பக்கங்கள்

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள்.

கையெழுத்து அவளுடையதுதான். நாற்பது வருடத்துக்கு முந்தையது. கை நடுங்காத காலம்.

'பேராசிரியர் திருஞானம் அவர்களுக்கு, மிகுந்த மரியாதையுடன், மரகதவல்லி.'

"உங்க கையெழுத்துதானுங்களே அம்மா?"

கேட்டவர் சிவசண்முகம். திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துகிறவர். எழுதியவரே கையெழுத்திட்ட முதல் பதிப்புகளைத் தேடித் தேடிச் சேர்க்கிறவர். இதை உறுதி செய்துகொள்ளத்தான் கோவையில் அவள் வீட்டைக் கண்டுபிடித்து வந்திருந்தார்.

தலையசைத்தாள்.

அவர் முகம் மலர்ந்தது. கைக்குட்டையில் விரல்களைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். அட்டை மங்கவில்லை. முதுகு விரியவில்லை. பூச்சி அரிக்கவில்லை. பேராசிரியர் போன பிறகு பிள்ளைகள் அவருடைய புத்தகங்களை மொத்தமாக எடைக்குப் போட்டுவிட்டார்களாம். அதில் கிடைத்ததாம்.

"எல்லாத்துக்கும் மேல இதைப் பாருங்க."

பக்கங்களின் ஓரத்தைக் காட்டினார். அதை அச்சடித்த சின்ன அச்சகத்தில் மடித்த தாள்களின் ஓரத்தை வெட்டாமலே தைத்துக் கொடுத்துவிட்டார்கள். படிப்பவர்தான் கத்தி வைத்துப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

"ஒருத்தர் விரலும் உள்ளே போகலீங்க. அப்படியே புதுசு. இந்த மாதிரி இன்னொண்ணு சிக்கவே சிக்காதுங்கம்மா."

அவள் புத்தகத்தை வாங்கினாள். கட்டைவிரலால் ஓரத்தைத் தடவினாள். முதல் மடிப்பு. நடு மடிப்பு. கடைசி மடிப்பு.

திருஞானம் இந்த நாவலைப் பற்றிப் பத்திரிகையில் இரண்டு பக்கம் எழுதினார். 'கடைசி அத்தியாயம் முழுக்க நாயகி அழுதுகொண்டே இருக்கிறாள். பெண்கள் எழுதினால் இப்படித்தான்.'

நாயகி எங்கே அழுகிறாள்?

அவள் தேடியிருக்கிறாள். வருடக்கணக்காக, வரி வரியாக. தனக்கே தெரியாமல் எங்கோ அழுகை கசிகிறது என்று நம்பினாள். அவ்வளவு பெரிய மனிதர் பார்க்காமலா சொல்வார்?

பதிப்பாளர் அவளது அடுத்த நாவலைத் திருப்பி அனுப்பினார். அதைத் தாள் தாளாக வெந்நீர் அடுப்பில் வைத்தாள். அதன் பிறகு எழுதவில்லை.

திருஞானம் இதைத் திறக்கவே இல்லை.

"நீங்களாவது படிச்சீங்களா?"

சிவசண்முகம் சிரித்தார். "பிரிச்சா மதிப்பு போயிருமுங்களே."

அவள் எழுந்து புத்தகத்தோடு உள்ளே போனாள். காய் நறுக்கும் கத்தியோடு திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா... வேண்டாமுங்க. அது என்ற புத்தகமுங்க, நான் வாங்குனது!"

"எழுதினது நான்."

கத்தி முதல் மடிப்பில் இறங்கியது. தாள் நேராகப் பிரியவில்லை. பிசிறடித்தது. அடுத்தது. அதற்கடுத்தது. பழுத்த காகிதத் தூள் அவள் மடியில் கொட்டியது. அவர் கை நீட்டினார். கத்தியைப் பார்த்து இழுத்துக்கொண்டார்.

கடைசி மடிப்பு வரை அவள் நிமிரவில்லை.

பிறகு முதல் பக்கத்தைத் திறந்து அவர் கையில் கொடுத்தாள்.

"வாய்விட்டுப் படிங்க."

அவர் வாசலைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

முதல் வரியைப் படித்தார். இரண்டாவது வரியில் ஒரு சொல்லை விழுங்கினார்.

"மறுபடி," என்றாள்.