கைப்பட்டை சொன்ன சாட்சி

"ராத்திரியில இந்தப் பட்டையைக் கழட்டலையே அண்ணே?" என்று ஆலையின் செவிலியர் கேட்டதும், கிரேன் ஓட்டுநர் சட்டென்று கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். ஓட்டுநர்களின் களைப்பை அளப்பதற்காக நிர்வாகம் கொடுத்திருந்த கைப்பட்டை அது. தூக்கம் குறைந்தவரைக் கிரேனில் ஏற்ற மாட்டார்கள்.

"கழட்டுறதா? இடியே விழுந்தாலும் தெரியாது சிஸ்டர், அப்படி ஒரு தூக்கம்!"

"தூக்கத்துக்கு ஒரு குறைச்சலும் இல்லை. ஆனா நேத்து ராத்திரி உங்க நெஞ்சுத் துடிப்பு விட்டு விட்டு அடிச்சிருக்கு. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். ஆம்புலன்ஸ் வந்துக்கிட்டிருக்கு."

ஓட்டுநரின் முகம் வெளிறியது.

"இங்க வேணாம் சிஸ்டர், என் வீட்டுக்கு அனுப்புங்க!"

"வீட்டுக்கா? நோயாளி நீங்கதானே?"

"நான் இல்லைங்க, என் மாமனார்! கைக்குழந்தை அழுற வீட்டுல எனக்கு ஏது தூக்கம்? கிரேனை விட்டு இறக்கிடுவீங்களோன்னு பயந்து, ராத்திரியானா பட்டையை அவர் கையில கட்டிவிடுவேன். எங்க வீட்டுல நிம்மதியாத் தூங்குறவர் அவர் ஒருத்தர்தான்!"

"சரியான நேரத்துல கொண்டுவந்தீங்க, இனி பயமில்லை" என்று மாலையில் மருத்துவர் சொன்ன பிறகே ஓட்டுநருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆலையும் அவரைக் கைவிடவில்லை. குழந்தை இரவில் உறங்கப் பழகும்வரை தரையில் நின்று செய்யும் வேலைக்கு மாற்றியிருந்தார்கள்.

கட்டிலில் சாய்ந்திருந்த மாமனார், மருமகனை அருகே அழைத்தார்.

"நான் பிழைச்சுக்கிட்டேன் மாப்பிள்ளை. ஆனா இனிமே உங்க தூக்கத்தை நீங்களே தூங்கிக்கோங்க!"