ஊசிகள் காயும் வரை

முன்காலில் சுருக்குக் கம்பி இறுகிய பெண்யானையைக் கால்நடை மருத்துவர் சபீனா முந்தைய நாளே மயக்க ஊசித் துப்பாக்கியால் சுட்டிருந்தாள். ஊசி தொடையில் சரியாகத்தான் தைத்தது. மருந்து மட்டும் இறங்கவில்லை. கீழே விழுந்த ஊசியை எடுத்துப் பார்த்தபோது அதன் துளையில் பழைய ரத்தம் காய்ந்து அடைத்திருந்தது. போன தடவை அதைக் கழுவி வைத்தவளும் அவள்தான்.

இன்று சபீனா எல்லா ஊசிகளையும் வெந்நீரில் அலசி, ஒவ்வொன்றிலும் தண்ணீரைப் பீய்ச்சிப் பார்த்து, மரநிழலில் நின்ற ஜீப்பின் மேல் வெள்ளைத் துணியில் பரப்பினாள்.

"டாக்டரம்மா, ஆன ஆத்துப் பக்கம் இறங்குது. தாண்டிட்டா நம்ம கைக்குக் கிடைக்காது," என்றார் வனக்காவலர் கேத்தன்.

"காயட்டும்ண்ணா. ஈரம் இருந்தா மருந்து நீர்த்துப் போயிடும். இன்னொரு தடவ அதைச் சும்மா குத்த மாட்டேன்."

கேத்தன் துணியின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். இருவருமாக ஊசிகள் உருளாமல் தூக்கி வெயிலுக்குக் கொண்டுபோனார்கள்.

ஊசிகள் காய்ந்ததும் ஆற்றுக்கு விரைந்து, யானை தண்ணீரில் கால் வைக்கும் முன் சபீனா சுட்டாள். சற்று நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு துதிக்கை தளர்ந்தது. யானை மெல்லச் சரிந்து படுத்தது. கம்பியை வெட்டி, புண்ணைக் கழுவி மருந்திட்டு, மயக்கம் தெளிய ஊசி போட்டுவிட்டு இருவரும் ஓடி மரங்களுக்குப் பின்னால் நின்றார்கள்.

யானை எழுந்து மூன்று காலில் நின்றது. முன்காலை மண்ணில் வைத்தது, எடுத்தது, மறுபடி வைத்தது.

"கால ஊனுது டாக்டரம்மா," என்றார் கேத்தன், யானைக்குக் கேட்டுவிடாத குரலில்.