எது சீக்கிரம் கிழியும்?

பைக் ஜாக்கெட் கடைக்கு வந்த அந்தப் பெண் விலையே கேட்கவில்லை. கடைக்காரருக்கு அதுதான் முதலில் உறுத்தியது.

"நைலான், பாலியஸ்டர், கெவ்லார்... இதுல எது சீக்கிரம் கிழியும்?"

"எல்லாரும் எது கிழியாதுன்னுதான் கேப்பாங்க. நைலான் ரோட்டுல தேய்ஞ்சாலும் தாங்கும். பாலியஸ்டர் கொஞ்சம் முன்னாடியே விட்டுடும். கெவ்லார் லேசுல மசியாது. நீங்க பைக் ஓட்டுவீங்களா?"

"இல்லைங்க. தையல் எங்கெல்லாம் வருது?"

எதிர்க்கடைக்காரன் அனுப்பிய ஆளோ என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. கண்ணாடியைத் துடைப்பதுபோல் ஓரக்கண்ணால் கவனித்தார். அவள் ஒரு ஜாக்கெட்டைப் புரட்டிவிட்டு, கைப்பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தாள்.

பாய்ந்துபோய் ஜாக்கெட்டைப் பிடுங்கினார். "பட்டப்பகல்ல, என் கடையிலயேவா? யாரு உன்னை அனுப்பினது?"

"யாரும் அனுப்பலைங்க. விபத்து வார்டுல நர்ஸா இருக்கேன். வெட்ட வரல, கத்தரி எந்த இடத்துல நுழையும்னு வச்சுப் பாத்தேன். நேத்து ஒரு பையனுக்குக் கழுத்துல அடி, அசைக்கக் கூடாது. இந்த மாதிரி ஜாக்கெட்டை வெட்டி எடுக்கறதுக்குள்ள அவனுக்கு மூச்சே நின்னுபோச்சு. எப்படியோ காப்பாத்திட்டோம்."

கடைக்காரர் பிடுங்கிய ஜாக்கெட்டைக் கீழே வைத்தார். பிறகு கெவ்லார் ஜாக்கெட் ஒன்றை எடுத்து மேசைமேல் விரித்தார்.

"வெட்டியே பாருங்கம்மா. என் பொண்ணும் இதைத்தான் போட்டுட்டு ஓட்டுறா."