அட்டைத் தெரு

வெயிலைத் தணிக்க, வண்டிப் போக்குவரத்தை நிறுத்திவிட்டு ஒரு தெரு முழுக்க மரம் நடுவது நகராட்சியின் திட்டம். மக்கள் அதை ஏற்பார்களா என்று ஆராய வந்த ரெஜினா, வார்டு அலுவலகக் கூடத்து மேசையில் அந்தத் தெருவை அட்டையில் செய்து வைத்தாள். பக்கத்தில் ஒரு கருத்துப் பெட்டி. பெட்டி காலியாகவே கிடந்தது. அட்டைத் தெருவில்தான் ஆள் சேர்ந்தது. ஒருநாள் காலை மரத்தடியில் மெழுகில் செய்த பூக்காரி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். பிறகு களிமண் நாய், தீக்குச்சிக் கால்களோடு ஒரு இட்லிக் கடைக்காரர். கடைசியில் ஒரு குட்டி ஆட்டோவும் வந்தது. அதன் முன்னால் ஒருவர் படுத்துக் கிடந்தார். மறிக்கிறாரா, தூங்குகிறாரா என்று ரெஜினாவுக்குப் புரியவில்லை.

"யாரு இதெல்லாம் வைக்கிறது?" என்று கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த பரிமளாவிடம் கேட்டாள்.

"எல்லாருந்தான் மேடம். நான்கூட முக்குல ஒரு தண்ணிக் குழா வச்சிருக்கேன், பாருங்க."

"அப்போ திட்டம் பிடிச்சிருக்கா உங்களுக்கு?"

பரிமளா பெருக்குவதை நிறுத்தினாள். "பிடிக்கிறதா? அது எங்க தெரு மேடம்."

ஆதரவா, எதிர்ப்பா? எதையும் எழுத முடியாமல், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, வெற்றுத் தாளோடு ரெஜினா வீடு திரும்பினாள்.

மறுநாள் தெருவுக்கு வெளியே, மேசையின் விளிம்பில், கண்ணாடி போட்ட ஒரு பொம்மை கையில் காகிதத்தோடு நின்றது. தெருவில் இருந்த அத்தனை பேரும் அதைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரெஜினா அதை இரண்டு விரலால் தூக்கினாள். எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மரத்தடியில் பூக்காரி சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்தாள். நேற்று அவள் பக்கத்தில் இன்னொருவர் உட்கார இடமே இல்லை.