நாலாவது போல்ட்

“கீழ போடுலே அந்த ஸ்பேனரை! நீயெல்லாம் ஒரு மெக்கானிக்கு!”

விஸ்வநத்தம் ரோட்டில் காளீஸ்வரனின் ஒர்க் ஷாப் முன்னால் நின்று ஊர்க்காவலன் போட்ட சத்தத்தில், எதிர் டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து வந்துவிட்டார்கள்.

ஊர்க்காவலன் பட்டாசு கம்பெனி ஒன்றில் போர்மேன். அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. போன மாதம் ஆயில் ஒழுகுகிறதென்று அவர் பைக்குக்கு கேஸ்கட் மாற்றிய காளீஸ்வரன், எஞ்சின் மேல்மூடியின் சின்ன போல்ட்டுகளை நீளக் கம்பி போட்டு அளவுக்கு மீறி முடுக்கிவிட்டான். ஒன்றில் மரை போய், ஆயில் முன்னைவிட அதிகமாக ஒழுகியது.

“தப்புதான் அண்ணாச்சி. மரையைச் சரி பண்ணிட்டேன். புது கேஸ்கட்டும் வச்சாச்சு. போல்ட் முடுக்க வேண்டியதுதான் பாக்கி.”

“நீ முடுக்கு. நான் பக்கத்துல நின்னு சொல்றேன்.”

துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்த டார்க் ரென்ச்சை எடுத்து நீட்டினார்.

“எம்புட்டு இறுக்கம்னு இது அளந்து சொல்லும். பத்துல வச்சிருக்கேன். ‘டிக்’னு கேட்டா கையை எடுத்துறணும். போ, கை கழுவிட்டு வா.”

கழுவிவிட்டு வந்தான்.

“சோப்பு போட்டியா?”

மறுபடி போய்க் கழுவினான்.

ஊர்க்காவலன் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். “எல்லாரும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போங்க. ஆளுக நெருக்கி நின்னா கவனம் சிதறும். சின்ன போல்ட்டுதானேன்னு நினைக்கப்படாது. அலட்சியம்தான்யா ஆபத்து!”

“பொறுப்பான மனுசன்” என்று சொல்லிக்கொண்டே டீக்கடைக்காரர் ரோட்டைக் கடந்தார்.

“நாலையும் மொதல்ல விரலால பிடிச்சு விடு. இப்ப இங்கன ஒண்ணு, அதுக்கு எதிர்ல ஒண்ணு. பொறு, பஸ் வருது, தரை அதிரும். ம், போயிருச்சு. மூச்சை அடக்கு.”

டிக்.

“கேட்டுச்சா?”

“கேட்டுச்சு அண்ணாச்சி.”

“கேட்டுச்சு!” என்று ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்தும் குரல் வந்தது.

மூன்று போல்ட் முடிய முக்கால் மணி நேரம் ஆனது. நாலாவதில் ரென்ச்சை வைக்கும்போது ஊர்க்காவலனின் செல் அடித்தது. கண் போல்ட்டிலேயே இருந்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

“சார், கம்பெனியில இருந்து செல்வலட்சுமி பேசுறேன். எட்டாம் நம்பர் ரூம்ல நாலு பேர் வெடிமருந்து அடைக்கிறாக. புதுசா வந்த ஆறு பேரை எங்க உக்கார வைக்க?”

“அங்கனயே வையி.”

“சார், மருந்து ரூமுக்கு நாலு பேர்தானே சட்டம்?”

“சீசன்ல என்னம்மா சட்டம்? நெருக்கி உக்காந்தா பத்துப் பேரும் உக்காரலாம். சாயங்காலம் லோடு கெளம்பணும்.”

செல்லை வைத்தார். “ம், மெதுவா முடுக்கு.”

காளீஸ்வரன் முடுக்கவில்லை.

“அண்ணாச்சி, எட்டாம் நம்பர்ல என் பொண்டாட்டி பாண்டிமீனா இருக்கா.”

“தெரியுமே. நல்ல வேலைக்காரி. நீ கவனத்த இங்கன வையி.”

காளீஸ்வரன் ரென்ச்சைக் கீழே வைத்தான். வண்டியிலேயே இருந்த சாவியைத் திருகி, ஏறி உதைத்தான்.

“எங்கலே போற?”

“பத்துப் பேரையும் வெளிய கூட்டிட்டு வாறேன்.”

வண்டி கம்பெனியைப் பார்த்துப் பறந்தது. ரென்ச்சைத் தூக்கிப் பிடித்தபடி ஊர்க்காவலன் பின்னாலேயே ஓடினார்.

“ஏலே, நில்லுலே! நாலாவது போல்ட் இன்னும் முடுக்கலைலே! எஞ்சினுக்கு உசிரு போயிரும்லே!”